சிக்கிய நண்பனிடம் போகாதே!

ஒரு பனிமலையில் நான்கு நண்பர்கள் பனிவண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் மட்டும் சரிவில் விறுவிறுவென்று மேலே ஏறுகிறான். பாதி உயரத்தில் வண்டி ஆழமான பனியில் புதைந்து நின்றுவிடுகிறது. அவன் கையை அசைக்கிறான். கீழே நிற்கும் மூவரில் நீங்கள் ஒருவர். என்ன செய்வீர்கள்?

"போய் வண்டியைத் தூக்கிவிடுவேன்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நண்பனின் மோட்டார் சைக்கிள் சேற்றில் சிக்கினால் அதைத்தானே செய்கிறோம்? ஆனால் கனடாவின் மேற்கு மலைகளில் பனிவண்டி ஓட்டிகளுக்கு நடத்தப்படும் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி வேறு பதிலைச் சொல்லித் தருகிறது: போகாதே. பாதுகாப்பான இடத்தில் நில். அவனை விட்டுக் கண்ணை எடுக்காதே. அவன் வண்டியை அவனே தோண்டி எடுக்கட்டும்.

கேட்பதற்குக் கல்நெஞ்சம் போல இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த வண்டியையும் பிறகு அந்தப் பனியையும் பார்க்க வேண்டும்.

மைவி காரைவிட வலுவான வண்டி

ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டிக்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் கவச வாகனத்துக்கு இருப்பது போன்ற அகலமான ரப்பர்ப் பட்டை. பட்டை சுழன்று பனியைப் பின்னுக்குத் தள்ள, வண்டி முன்னே பாயும். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே இந்தத் துறையின் முன்னோடி. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகன் நோயுற்றான். சாலையைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிகளை உருவாக்குவதில் அவர் தீவிரமாக இறங்கினார். இருவர் ஏறிச் செல்லக்கூடிய 'ஸ்கீ-டூ' 1959இல் விற்பனைக்கு வந்தது.

உயிர் காக்கும் எண்ணத்தில் வளர்ந்த வண்டி இன்று பலருக்கு விளையாட்டு வண்டி. மலையேறும் ரக வண்டிகளின் இயந்திரம் 150 குதிரைத் திறனைத் தாண்டுகிறது. நம் சாலைகளில் ஓடும் மைவி கார்கூட அவ்வளவு இல்லை. வண்டியின் எடையோ 200 கிலோவுக்கு மேல். இந்த வலு கையில் இருக்கும்போது எழும் ஆசை ஒன்று உண்டு. செங்குத்தான சரிவில் நேராக ஏறி, எவ்வளவு உயரத்தில் தடம் பதிக்க முடிகிறதோ அங்கே வளைத்துத் திரும்பி இறங்குவது. அடுத்தவன் அதைவிட ஓரடி மேலே தடம் பதிக்கப் பார்ப்பான்.

பனிச்சறுக்கு வீரர் ஒருவர் மேலே நடந்து ஏற ஒரு மணி நேரம் எடுக்கும் சரிவில், பனிவண்டி ஒரு நிமிடத்துக்குள் ஏறி இறங்கிவிடும். ஆகவே ஒரே நாளில் அது தொடும் ஆபத்தான சரிவுகளின் எண்ணிக்கையும் பல மடங்கு. பட்டை பனியைக் கிளறிக்கொண்டு போவதால், அதன் அழுத்தம் மனிதக் காலடியைவிட ஆழமாக இறங்குகிறது. அந்த ஆழத்தில்தான் சிக்கல் காத்திருக்கிறது.

குவே லாப்பிஸ் போன்ற பனி

வெள்ளையாக ஒரே மாதிரி தெரியும் பனிப்பரப்பை மண்வெட்டியால் நேர்க்குத்தாக வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். நம் குவே லாப்பிஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. காற்று அடித்துச் சேர்த்தது கெட்டியான அடுக்கு. வெயிலில் உருகி மறுபடி உறைந்தது கண்ணாடி போன்ற அடுக்கு. எல்லா அடுக்குகளும் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. நடுவில் ஒன்று மட்டும் ஒட்டாமல், சீனியைக் கொட்டி வைத்ததுபோல் உதிரியாக இருந்தால்?

அந்தச் சீனி அடுக்கு எப்படி வருகிறது என்பது சுவையான கதை. பனி ஒரு நல்ல போர்வை. அதற்கு அடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸில் இருக்கும். மேலே காற்றோ மைனஸ் 20 டிகிரி. பனியின் தடிமன் 50 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 4 டிகிரி வேறுபாடு. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் உருமாறத் தொடங்கும். கீழே சற்று வெதுவெதுப்பான துகள்களிலிருந்து நீராவி கிளம்பி, மேலே குளிர்ந்த துகள்கள் மீது படிகிறது. நாளடைவில் பழைய துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடிமானம் கரைந்து, கோணல்மாணலான பெரிய படிகங்கள் வளர்கின்றன. கையில் அள்ளினால் சீனி போலவே விரலிடுக்கில் ஒழுகும்.

இதே கணக்கை இரண்டரை மீட்டர் தடிமனுள்ள பனிக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 0.8 டிகிரிதான் வரும். ஆழமான பனி உறுதியாகவும், மெல்லிய பனி பலவீனமாகவும் மாறுவதற்குக் காரணம் இந்தச் சின்ன வகுத்தல்தான். பனி குறைவாக இருக்கும் குளிர்காலத் தொடக்கத்தை மலைவாசிகள் சந்தேகத்தோடு பார்ப்பதும் இதனால்தான். அப்போது உருவான சீனி அடுக்கு, பிறகு விழும் பனிக்கு அடியில் புதைந்து வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அதன்மேல் கெட்டியான பனிப்பலகை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஏறுகிறது. உதிரி அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. பக்கத்துத் துகள்களால் அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் அவையும் நொறுங்க, விரிசல் சரிவு முழுக்க ஓடுகிறது. ஒரு பள்ளி மைதானம் அளவுள்ள பனிப்பலகை பாளம் பாளமாக உடைந்து கிளம்புகிறது. சில விநாடிகளிலேயே அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடும். பலகை உடைவது பெரும்பாலும் வண்டியின் முன்னால் அல்ல, ஓட்டுபவரின் தலைக்கு மேலே. அவர் நடுப்பலகையில் மாட்டிக்கொள்கிறார்.

எந்தச் சரிவும் இப்படி உடைந்துவிடாது. 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் பெரும்பாலான பலகைச் சரிவுகள் நடக்கின்றன. 30 டிகிரி என்றால் உங்கள் வீட்டு மாடிப்படி அளவுக்குச் சாய்வு. அதில் பனியின் எடையில் பாதி, சரிவு வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. சைன் 30 என்பது 0.5 அல்லவா? 38 டிகிரியில் அது 62 விழுக்காடாகிவிடும். இதைவிட மிகவும் செங்குத்தான இடத்தில் பனி சேரச் சேரவே உதிர்ந்துவிடுவதால், பெரிய பலகை உருவாக வாய்ப்புக் குறைவு. துரதிர்ஷ்டம் என்னவென்றால், பனிவண்டிக்காரர்கள் ஏறிப் பார்க்க ஆசைப்படும் சரிவும் துல்லியமாக இதே சாய்வுதான். அதனால் சாய்வுமானி கொண்டு கோணத்தை அளப்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று.

இரண்டு துயரங்கள்

2008ஆம் ஆண்டு டிசம்பர் 28. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஃபெர்னி நகருக்கு அருகில் உள்ள ஹார்வி கணவாய். சற்றுத் தள்ளியிருக்கும் ஸ்பார்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து பனிவண்டிகளில் வந்தவர்கள் அங்கே இரு குழுக்களாக இருந்தனர். மொத்தம் 11 பேர். முதல் பனிச்சரிவு ஒரு குழுவினரை மூடியது. மற்றவர்கள் ஓடிவந்து தோண்டத் தொடங்கினார்கள். அப்போது இரண்டாவது பனிச்சரிவு இறங்கியது. உதவ வந்தவர்களும் புதைந்தார்கள். 3 பேர் உயிர் தப்பினார்கள். இன்னொரு சரிவு வரலாம் என்ற நிலையில், நண்பர்களை விட்டு அவர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்தது. இறந்தவர்கள் 8 பேர். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊரில் இது எப்பேர்ப்பட்ட இழப்பு!

அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவில் இறந்த 26 பேரில் 19 பேர் பனிவண்டி ஓட்டியவர்கள்.

2010ஆம் ஆண்டு மார்ச் 13. அதே மாநிலத்தில் ரெவல்ஸ்டோக் நகரை அடுத்த போல்டர் மலை. யார் உயரமாக ஏறுவார் என்று பார்க்கும் பனிவண்டிக் கூட்டம் அது. சரிவின் அடிவாரத்தில் சுமார் 200 பேர் திரண்டிருந்தார்கள். அந்த வாரம் பனிச்சரிவு அபாயம் அதிகம் என்று எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மேலே பலகை உடைந்தது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற இடமே பனி வந்து சேரும் இடம் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பனியின் குற்றத்தை மட்டும் பேசி முடித்துவிட முடியாது. ஆபத்தான ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே உயிரிழப்பின் அளவைத் தீர்மானித்தது. ஹார்வி கணவாய்க்கு ஓடிவந்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர்கள் செய்தது மனிதர் எவரும் செய்யக்கூடியது. அதனால்தான் சரிவு நடப்பதற்கு முன்பே, அமைதியாக இருக்கும் வேளையில், இந்தப் பழக்கங்களை மாற்றப் பயிற்சி தேவைப்படுகிறது.

ஒருவர் பின் ஒருவர்

இப்போது நம் நான்கு நண்பர்களிடம் திரும்புவோம். சரிவில் ஒருவன் சிக்கியிருக்கிறான். அவனுடைய வண்டியின் எடையையும் அதிர்வையும் பனிப்பலகை எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் உங்கள் வண்டியில் அருகே சென்றால் அதே இடத்தில் இன்னும் 300 கிலோ சுமை. திரும்புவதற்கு நீங்கள் அவனுக்கு மேலே வளைய வேண்டியும் வரும். பலகை உடைந்தால் புதைவது இருவர். தோண்ட மிஞ்சுவது இருவர். நீங்கள் போகாமல் இருந்திருந்தால் புதைவது ஒருவர், தோண்ட மூவர். ஒருவருக்கு மூவர் என்ற விகிதம், ஒருவருக்கு ஒருவராகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்ற விதி இதிலிருந்து பிறக்கிறது. மற்றவர்கள் நிற்கும் இடத்துக்கும் விதி உண்டு. சரிவுக்கு நேர் கீழே நிற்கக்கூடாது; மேலிருந்து வரும் பனி எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தாமல் பக்கம் பக்கமாக, தப்பிச் செல்லும் திசையைப் பார்த்து நிறுத்த வேண்டும். முன்வண்டி கிளம்பாததால் பின்வண்டியும் மாட்டிக்கொள்ளும் நிலை வரக்கூடாது அல்லவா? சிக்கிக்கொண்டவரும் சும்மா இருப்பதில்லை. வேகம் குறையும் அறிகுறி தெரிந்ததுமே வண்டியின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும் ஓட்டுமுறையைப் பயிற்சியில் பழகிக்கொள்கிறார்கள். நின்றுவிட்டால் தனியாளாக வண்டியைத் தோண்டித் திருப்பும் முறையும் உண்டு.

பத்து நிமிடங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் புதைந்துவிட்டால்? பனியில் புதைந்தவர் குளிரில் விறைத்து இறப்பார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாநிலங்களில் பனிச்சரிவில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, நால்வரில் மூவர் மூச்சுத்திணறியும், ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மரத்திலோ பாறையிலோ மோதிய காயத்தாலும் இறந்தது தெரியவந்தது. குளிரால் இறந்தவர்கள் நூற்றில் ஒருவர்தான்.

இதில் ஒரு வியப்பு. சரிந்து குவிந்த பனியில் கொள்ளளவில் பாதிக்கு மேல் காற்றுதான் இருக்கிறது. அப்படியிருந்தும் மூச்சு ஏன் முட்டுகிறது? நாம் வெளிவிடும் மூச்சு வெதுவெதுப்பானது, ஈரமானது. அது முகத்தைச் சுற்றியுள்ள பனியை இளக்கி, மீண்டும் உறைந்து, ஒரு பனிக்கட்டி முகமூடியாக மாறிவிடுகிறது. வெளியே காற்று இருக்கிறது, உள்ளே வர வழியில்லை. வெளிவிட்ட கரியமில வாயுவே மீண்டும் உள்ளே போகிறது.

முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுபவர்களில் 10 பேருக்கு 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் 10 பேருக்கு 3 பேர்தான். ஹெலிகாப்டரில் மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். ஆகவே புதைந்தவரைக் காப்பாற்றக்கூடியவர்கள் உடன் வந்த நண்பர்கள் மட்டுமே.

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி. இவற்றை வண்டியின் பெட்டியில் வைப்பது வீண் வேலை. சரிவில் வண்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். சமிக்ஞைக் கருவி உடலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மற்ற இரண்டும் முதுகுப்பையில்.

அந்தச் சமிக்ஞைக் கருவியில் உங்கள் இயற்பியல் பாடம் நிறைய இருக்கிறது. உலகெங்கும் இது 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தை அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 656 மீட்டர். தேடும் தூரமோ சில பத்து மீட்டர்தான். இவ்வளவு அருகில் கருவியின் புலம், வானொலி அலை போல நேராகப் பரவாமல், சட்டக் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரையும் வளைகோடுகளைப் போல இருக்கும். தேடுபவர் கருவியின் அம்புக்குறியைப் பின்பற்றினால் அவருடைய பாதையும் வளைந்துதான் போகும். புதிதாகப் பழகுபவர் "கருவி தப்பாகக் காட்டுகிறது" என்று குழம்புவது இங்கேதான். புலத்தின் வலிமை தூரத்தின் மும்மடிக்குத் தலைகீழாக மாறுவதால், தூரம் பாதியானால் வலிமை 8 மடங்காகும். நெருங்க நெருங்கச் சமிக்ஞை வெகு வேகமாக ஏறுகிறது.

விபத்து நடந்ததும், புதையாத அனைவரும் தங்கள் கருவியை 'அனுப்பும்' நிலையிலிருந்து 'தேடும்' நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் மற்றவர்கள் அவரையே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பார்கள்! பனிவண்டி ஓட்டிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. இயந்திரம், கைப்பேசி, மின்சூட்டுக் கையுறை எல்லாமே கருவியைக் குழப்பும். தேடும்போது இயந்திரத்தை நிறுத்தி, மின்பொருள்களைக் கருவியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும் இடத்தில் துழாவுகோலைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாகச் செருகிப் பார்க்கிறார்கள். மென்மையாக ஏதோ தட்டுப்பட்டால் கோலை உருவக்கூடாது, அதுவே அடையாளம். பிறகு தோண்டுதல். இதைத்தான் எல்லாரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். சீவிய பனிக்கட்டியை அழுத்தினால் ஐஸ் கச்சாங் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடி நின்ற பனியும் துகள்கள் ஒட்டிக்கொண்டு அப்படியே இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் தோண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 400 கிலோ என்றால் 1,200 கிலோ பனி! இதைக் கையால் அள்ள முடியாது. கோலுக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டவும் கூடாது. புதைந்தவரின் மூச்சிடத்தை மிதித்து நசுக்கிவிடுவோம். சரிவின் கீழ்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று, பக்கவாட்டில் உள்ளே நுழைவதுபோல் தோண்ட வேண்டும். ஆட்கள் அதிகம் இருந்தால் 'வி' வடிவில் நின்று, முன்னால் இருப்பவர் வெட்டித் தள்ளுவதைப் பின்னால் இருப்பவர்கள் கடத்திவிடுவார்கள்.

இவை தவிர, கைப்பிடியை இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பையும் உண்டு. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய கடலைகள் மேலே வந்து, பொடி அடியில் தங்கிவிடும் அல்லவா? ஓடும் பனியிலும் அதே கதை. சுமார் 150 லிட்டர் காற்றுப்பை மனிதரைப் 'பெரிய கடலை'யாக மாற்றுவதால் அவர் மேற்பரப்புக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். உயிரிழப்பை இது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. பாறை மீதோ மரத்தின் மீதோ வீசப்பட்டால் இது உதவாது.

ஐந்தில் மூன்று

ரெவல்ஸ்டோக்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'அவலாஞ்ச் கனடா' அமைப்பு குளிர்காலத்தில் பனிச்சரிவு முன்னறிவிப்பை வெளியிடுகிறது. பயிற்சிகளுக்கான பாடத்திட்டத்தையும் வகுக்கிறது. தொடக்கநிலைப் பயிற்சி வழக்கமாக இரண்டு நாள். வகுப்பறையிலும் மலையிலும் நடக்கும். பனிவண்டி ஓட்டிகளுக்கென்று தனி வகுப்புகள் உண்டு.

முன்னறிவிப்பில் அபாயம் 1 முதல் 5 வரை குறிக்கப்படும். நீங்கள் 3 என்று கண்டால் என்ன நினைப்பீர்கள்? ஐந்தில் மூன்று, நடுத்தரம், பரவாயில்லை! உண்மையில் 3ஆம் நிலையின் பொருள், மனிதர் ஏறினால் பனி சரிய அதிக வாய்ப்பு உண்டு என்பது. 5ஆம் நிலையில் யாரும் மலைக்குப் போவதில்லை. 3ஆம் நிலையில் வானம் நீலமாக, புதுப்பனி பளபளவென்று இருக்கும். ஆள்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். நிறைய உயிர்கள் போவது அப்படிப்பட்ட நாள்களில்தான்.

செய்து பாருங்கள்

ஒரு மீட்டர் நீளப் பலகை, கோதுமை மாவு, சீனி, கோணமானி. பலகையின் மீது மாவை மெல்லிதாகப் பரப்பி லேசாக அழுத்துங்கள். அதன்மேல் சீனியைச் சமமாகத் தூவுங்கள். அதற்கும் மேலே இன்னொரு மாவு அடுக்கை இரண்டு விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். இப்போது பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, எந்தக் கோணத்தில் சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சீனி இல்லாமல் செய்யுங்கள். மூன்றாவது முறை சீனியோடு அமைத்து, சரியும் கோணத்துக்கு 5 டிகிரி முன்பே நிறுத்தி, மேலே 50 காசு நாணயம் ஒன்றை மெதுவாக வையுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால், அதன் பக்கத்தில் இன்னொன்று. எத்தனையாவது நாணயத்தில் பலகை உடைகிறது, விரிசல் நாணயத்துக்கு மேலே விழுகிறதா கீழேயா என்று பாருங்கள். வீட்டுக்கு வெளியே செய்வது நல்லது. சீனிக்கு எறும்புகள் வர அதிக நேரம் ஆகாது.